எழும்போதெல்லாம் ஷோர்யூகென் அடிப்பவனை என்ன செய்வது?

தண்ணிக்கேன் ரியூ:

வணக்கம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சண்டை விளையாட்டு, பிஎஸ்4, கிளாசிக் கன்ட்ரோல் (சிறப்பு அடிகளுக்கு அசைவுகளை நாமே போட வேண்டும்), என் ஆள் ரியூ. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ராங்க் பற்றியெல்லாம் கவலையில்லை. எனக்கு ஒரே ஒரு ஆளை ஜெயிக்க வேண்டும். அவன் என் சித்தப்பா மகன், வயது 19, எனக்கு 31. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சனிக்கிழமை இரவு குழந்தை தூங்கியதும் முதலில் பத்து ஜெயிப்பவர் யார் என்று ஆடுவோம். தோற்றவர் அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்க வேண்டும். இருபது லிட்டர் கேன். ஐந்து வாரமாக நான்தான் தூக்குகிறேன். வீட்டுக்காரி இப்போது நேற்று ஆட்டம் எப்படி என்றுகூடக் கேட்பதில்லை, காலையில் கேனைக் கண்ணால் காட்டுவதோடு சரி.

அவன் ஆள் கென், மாடர்ன் கன்ட்ரோல், சிறப்பு அடிகள் சுலபமாக வரும். நின்று ஆடும்போது நான் ஒன்றும் மோசமில்லை. ஹடோகென் என்ற ஆற்றல் பந்தை வீசி, அவன் தாவினால் தட்டி, நெருங்கினால் ஸ்வீப்பில் காலை வாரிக் கீழே தள்ளிவிடுகிறேன். பிரச்சினை அதற்கப்புறம்தான். அவன் கீழே கிடக்கிறான், நான் ஓடிப்போய் அடிக்கிறேன், அவன் எழும்போதே நெருப்போடு ஷோர்யூகென், மேலே பாய்ந்து அடிக்கும் குத்து. நான் வானத்தில். அடுத்த தடவை த்ரோ (பிடித்து வீசுவது) பண்ணலாம் என்று போனால் அதற்கும் ஷோர்யூகென். நான் தள்ளிவிட்டதற்கு எனக்கே தண்டனை மாதிரி இருக்கிறது.

கொஞ்சம் தாமதித்து அடித்துப் பார்த்தேன், அப்போதும் வாங்கினேன். நண்பன் ஒருவன் 2004 எவோ போட்டி வீடியோவை அனுப்பி, "டைகோ உமெஹாரா பண்ணின மாதிரி நீயும் பாரி பண்ணு" என்கிறான். உயிர் ஒரு நூல் அளவு இருக்கும்போது ஜஸ்டின் வாங்கின் சுன்-லி அடித்த சூப்பரின் ஒவ்வொரு உதையையும் தட்டிவிட்ட ஆளை எனக்கு உதாரணம் காட்டுகிறான். நான் இன்னும் ஷோர்யூகென் வலது பக்கம் பார்த்து அடித்தால்தான் வருகிறது, இடது பக்கம் வரமாட்டேன் என்கிறது.

இதற்கு ஏதாவது பட்டன் இருக்கிறதா? இல்லை, மாடர்னில் ஆடுபவனோடு ஆடுவதே வீணா?

சாங்கிஃப் பக்தன்:

ரொம்ப யோசிக்காதீர்கள். எழுந்ததும் த்ரோ. அடியைத்தான் அவனால் தாண்ட முடியும், பிடியைத் தாண்ட முடியாது. பிடித்துச் சுழற்றியடிக்கும் சாங்கிஃபை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஒரு சுழற்று, ஆள் காலி. மாடர்ன்காரர்களோடு நான் ஆடுவதே இல்லை.

பிளைவுட் பெட்டி:

பக்தன், உங்கள் பக்திக்கு வணக்கம். ஆனால் அந்தத் தம்பி த்ரோவுக்கும் ஷோர்யூகென் வாங்கினேன் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறார். கென் எழும்போது அடிப்பது ஓவர்டிரைவ் ஷோர்யூகென், அதாவது டிரைவ் கட்டம் செலவழித்து அடிக்கும் பலமான வடிவம். எழும்போதே இப்படித் திருப்பி அடிப்பதற்கு ரிவர்சல் என்று பெயர். கிளம்பும் நேரத்தில் அதற்கு அடியும் படாது, பிடியும் படாது, ஹடோகெனும் படாது. சாங்கிஃபின் சுழற்றும் அதன் முன்னால் வெறுங்கைதான்.

தம்பி, நான் திருச்சிப் பக்கம் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 காலத்திலிருந்து ஆடுகிறேன். என் ஜாய்ஸ்டிக்கின் பெட்டி எங்கள் தெரு ஆசாரி மிச்சம் கிடந்த பிளைவுட்டில் செய்து கொடுத்தது, அதுதான் இந்தப் பெயர். நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது என் பழைய வயிற்றெரிச்சல் ஞாபகம் வந்தது. 4-ல் இது இதைவிட மோசம். ஷோர்யூகென்னைத் தடுத்தாலும், கையில் மீட்டர் (சிறப்பு அடிகளுக்கான சேமிப்பு) இருந்தால் பாதியில் அதை அறுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்து அவன் பத்திரமாகிவிடுவான். 6-ல் அந்த வசதி கிடையாது. தடுத்துவிட்டால் ஆள் உங்கள் கையில். அந்த வகையில் நீங்கள் நல்ல காலத்தில் பிறந்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லவே இல்லை, கவனித்தீர்களா? அடித்தேன், த்ரோ போனேன், தாமதித்து அடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளாக் பண்ணினேன், தடுத்தேன் என்று ஒரு இடத்திலும் இல்லை. தாமதித்து அடிப்பதும் அடிப்பதுதான். அவன் எழும் அந்த நொடியில் உங்கள் கை ஏதோ ஒரு பட்டனில் இருக்கிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தேவை. உங்கள் தம்பி உங்களைப் படித்து ஒன்றும் அடிக்கவில்லை. நீங்கள் ஒவ்வொரு தடவையும் வருவீர்கள் என்று அவனுக்குத் தெரியும்.

பார்த்துவிட்டுத் தடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகிறது. ஓவர்டிரைவ் ஷோர்யூகென் ஏழெட்டு ஃபிரேமுக்குள் முகத்தில் இருக்கும். மனிதக் கண்ணும் கையும் அதற்குள் சேராது. அதனால் அவன் தரையில் கிடக்கும்போதே முடிவெடுக்க வேண்டும்: இந்தத் தடவை ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று, பின்னால் அழுத்திக்கொண்டு சும்மா இருக்கப் போகிறேன்.

ஓடிப்போவது முக்கியம். தூரத்தில் நின்று பிளாக் பண்ணினால் அவன் ஏன் அடிக்கப் போகிறான்? எப்போதும் அடிக்க வருவது போலவே டாஷ் போட்டு, மூக்கோடு மூக்கு நின்று, அப்புறம் கையை எடுங்கள். ஷோர்யூகென்னை நின்றும் தடுக்கலாம், குனிந்தும் தடுக்கலாம். ஆனால் ஓவர்டிரைவில் ஒன்றுக்கு மேல் அடி வரும். முதல் அடி பட்டதும் சந்தோஷத்தில் பின் அழுத்தத்தை விட்டுவிடாதீர்கள். நான் விட்டிருக்கிறேன்.

இனி நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். தடுத்தாகிவிட்டது, கென் தலைக்கு மேலே போய்விட்டான். உடனே கை துடிக்கும். நாலு ஃபிரேமில் வரும் சின்னக் குத்தைத் தட்டுவீர்கள், அது அவனை ஆகாயத்திலேயே தொடும், அவன் ஒரு குட்டிக்கரணம் போட்டுப் போய்விடுவான். அவன் ஒரே அடியில் உங்களிடம் எடுத்துக்கொண்டிருந்ததற்கு நீங்கள் சில்லறை வாங்கிக்கொண்டு திரும்புகிறீர்கள். பொறுங்கள். மேலே போய் இறங்கி முடிக்க அவனுக்கு அரை நொடிக்குப் பக்கம் ஆகிறது, சண்டை விளையாட்டில் அது ஒரு யுகம். கால் தரையில் படுகிறவரை பார்த்திருந்து, பட்டதும் கனமான அடி. ரியூவுக்குக் குனிந்து ஹெவி பஞ்ச், அதிலிருந்து ஹெவி ஷோர்யூகென். உங்களுக்கு இடது பக்கம் ஷோர்யூகென் வராது என்றால் ஹெவி பஞ்சோடு ஓவர்டிரைவ் ஹடோகென் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. திரையில் பனிஷ் கவுண்டர் என்று வரும். சாதாரண அடியைவிட 20 சதவீதம் கூடுதல் சேதம்.

பாரி பற்றி. டைகோவுக்குக் கும்பிடு. ஆனால் அது தேர்ட் ஸ்டிரைக், இது வேறு ஆட்டம். 6-ல் பெர்ஃபெக்ட் பாரிக்கு இரண்டே ஃபிரேம் இடம். பிடித்தால் திரை உறைந்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கப்புறம் நீங்கள் அடிக்கும் காம்போவுக்கு, அதாவது தொடர் அடிக்கு, பாதி சேதம்தான். ஷோர்யூகென்னை வெறுமனே பிளாக் பண்ணினால் முழுச் சேதம். வீடியோ போடவா, கேன் தூக்காமல் இருக்கவா என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பாரியை அழுத்திக்கொண்டு காத்திருக்கும்போது அவன் த்ரோ பண்ணினால் சாதாரண 1200-க்குப் பதில் 2040 போகும். கென்னுக்கும் ரியூவுக்கும் மொத்த உயிரே 10000.

மாடர்ன் என்று அழாதீர்கள். சுலபமாக வந்தாலும் அதற்கு அதே இரண்டு டிரைவ் கட்டம் செலவு, அவன் இறங்குவதும் அதே தரையில்தான்.

தண்ணிக்கேன் ரியூ:

அண்ணா, பிளாக் என்ற வார்த்தையே இல்லை என்றதும் என் கேள்வியைத் திரும்பப் படித்தேன். உண்மைதான், வெட்கமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். நான் சும்மா நின்றால் அவனும் சும்மா எழுந்து என்னை த்ரோ பண்ணிவிட்டால்? அப்புறம் ஒவ்வொரு தடவையும் சும்மா நிற்க முடியாதே. எப்போது நிற்பது, எப்போது அடிப்பது? காசு சுண்டிப் பார்க்கிற மாதிரிதானா?

மதுரை நீனா:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் டெக்கன் என்ற வேறு சண்டை விளையாட்டின் ஆள். ரிவர்சல் என்ற சொல்லைப் பார்த்ததும் வந்துவிட்டேன். எங்கள் ஊரில் ரிவர்சல் என்றால் வேறு. டெக்கன் 3-ல் நீனாவும் பாலும் நீங்கள் அடிக்கும் கையையோ காலையோ அப்படியே பிடித்து முறுக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் ஆடும் பிளேஸ்டேஷன் கடையில் ஒரு அண்ணன் நீனா எடுத்து எல்லோர் கையையும் உடைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் விடை தெரியாது. அரை மணிக்கு வாங்கிய காசில் பத்து நிமிடம் கைமுறுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

விடை இருந்தது. அதற்குப் பெயர் சிக்கன். உங்கள் இடது கையோ இடது காலோ பிடிபட்டால், பிடிபட்ட அந்தக் கணமே முன்னால் அழுத்தி சதுரமும் எக்ஸும் சேர்த்து. வலது கையோ காலோ என்றால் முன்னால் அழுத்தி முக்கோணமும் வட்டமும். அவர் முறுக்குவதை நீங்கள் திருப்பி முறுக்கிவிடுவீர்கள். எந்தக் கையால் அடித்தோம் என்று ஞாபகம் இருந்தால் போதும், ஆனால் சண்டை நடுவில் அதுதான் மறந்துபோகும். நாங்கள் இரண்டு பேர் பேப்பரில் எழுதி வைத்துப் பழகினோம். ஒருவன் அடிக்கும்போது மற்றவன் பின்னாலிருந்து "இடது சிக்கன், இடது சிக்கன்" என்று கத்துவான். கடைக்காரர் ஒரு நாள், "சிக்கன் வேணும்னா எதிர்க்கடைக்குப் போங்கடா" என்றார்.

அந்த அண்ணனை முதல் தடவை சிக்கன் போட்டபோது அவர் கன்ட்ரோலரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அவர் ரிவர்சலே போடவில்லை. இன்னொரு எளிய வழியும் இருந்தது: தரையோடு காலை வாருவது. நீனாவின் அந்தப் பிடியில் கீழ் அடி சிக்காது. சிக்கனைவிட அதில்தான் நிறைய ஜெயித்தோம், ஆனால் பெருமை சிக்கனில்தான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அப்படிப் பிடிபட்ட பிறகு தப்பிக்க ஒன்றும் இல்லையா?

பிளைவுட் பெட்டி:

நீனா அக்காவோ அண்ணனோ, அந்தக் கடை எந்தத் தெரு என்று கேட்க ஆசையாக இருக்கிறது. விடுங்கள், இந்நேரம் அது செல்போன் ரிப்பேர் கடையாகியிருக்கும்.

இல்லை, இங்கே ஷோர்யூகென் பட்ட பிறகு வழி இல்லை. உங்களுடையது மாட்டிக்கொண்ட பிறகு கேட்கும் கேள்வி. எங்களுடையது மாட்டுவதற்கு முன்னாலேயே பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று இங்கேயும் அப்படியே நடக்கும்: ஒரு தடவை விலை கொடுத்தவன் அப்புறம் அதைப் போடத் தயங்குவான்.

தம்பி, காசு சுண்டல் இல்லை. கீழே தள்ளியதும் ரியூவைப் பார்க்காதீர்கள், கென்னையும் பார்க்காதீர்கள். அவன் உயிர்க்கோட்டுக்குக் கீழே பச்சையில் ஆறு டிரைவ் கட்டம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஆறும் காலியாகி பர்ன்அவுட்டில் கிடக்கிறானா? ஓவர்டிரைவ் எதுவும் கிடையாது, பாரி கிடையாது, கட்டம் செலவழித்து உங்களைத் தள்ளிவிடும் டிரைவ் ரிவர்சலும் கிடையாது. கீழ் மூலையில் சூப்பர் மீட்டரும் ஒன்றுக்குக் குறைவு என்றால் அவன் வெறும் ஆள். பயமில்லாமல் ஏறி அடியுங்கள், மூலையில் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து வாரத்தில் இப்படி எத்தனை தடவை அவன் காலியாகக் கிடந்தபோது நீங்கள் பயந்து தள்ளி நின்றீர்களோ, அது தனிக் கணக்கு.

கட்டம் இரண்டு மூன்றுதான் இருக்கிறது என்றால் அவன் யோசிப்பான், ஷோர்யூகென் அடித்தால் பர்ன்அவுட்டை ஒட்டிப் போய்விடும். நிறையக் கட்டம் இருந்து, உயிர் குறைவாக இருந்து, இப்போதுதான் உங்களிடம் இரண்டு தடவை வாங்கியிருந்தால், பத்தொன்பது வயதுப் பையன் என்ன பண்ணுவான்? அடிப்பான். என் பெரியவனுக்கும் அதே வயதுதான், எனக்குத் தெரியும். அங்கே நில்லுங்கள்.

சூப்பர் மூன்று கட்டமும் நிரம்பியிருந்தால் கூடுதல் கவனம். லெவல் 3 எழும்போதே வரும், ஒன்றும் அதைத் தொடாது. திரை இருண்டு அவன் முகம் பெரிதாகத் தெரிந்த பிறகு பட்டனிலிருந்து கையை எடுத்துப் பிரயோஜனமில்லை. முன்கூட்டியே பிளாக்கில் இருந்தால் மட்டும் தப்பிப்பீர்கள். டிரைவ் ரிவர்சலை எழும்போது போட்டால் அது மெதுவானது. அடித்தாலும் போகும் உயிர் திரும்ப ஊறி வரும் உயிர்தான், அதை வைத்து உங்களைக் கொல்ல முடியாது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

அவன் எழுந்து த்ரோ பண்ணினால் 1200 போகும், போகட்டும். நீங்கள் நிற்கும்போது அவன் ஷோர்யூகென் அடித்து நீங்கள் ஒழுங்காக வசூல் பண்ணினால் அதைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும்.

வசூல்தான் பழக வேண்டியது. ட்ரெயினிங் மோடில் எதிரில் கென்னை வையுங்கள். ரிவர்சல் செட்டிங்கில் அவன் எழும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுக்கு மேல் வைக்கலாம். ஓவர்டிரைவ் ஷோர்யூகென் ஒன்று, சும்மா பிளாக் ஒன்று, த்ரோ ஒன்று. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்றும் மாற்றலாம். முதல் நாள் ஷோர்யூகென் மட்டும் வையுங்கள். ஸ்வீப், டாஷ், பிளாக், காத்திரு, தரையில் கால், ஹெவி பஞ்ச். இதை இருபது தடவை. காம்போ விழவில்லை என்றால் சீக்கிரம் அடித்தீர்களா, தாமதமா என்று கீழே ஃபிரேம் மீட்டர் காட்டும். இரண்டாம் நாள் கலந்து வையுங்கள். அப்போதுதான் கை பொய் சொல்வது தெரியும்.

சேஃப் ஜம்ப் என்று யாராவது வந்து சொல்வார்கள். நல்ல விஷயம்தான். அவன் எழும் கணத்தில் உங்கள் தாவல் முடிகிற மாதிரி கணக்கு வைத்து மேலிருந்து அடித்தால், அவன் சும்மா இருந்தால் அடி படும், ரிவர்சல் அடித்தால் அது வருவதற்குள் நீங்கள் தரையில் நின்று தடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் எந்த அடியில் விழவைத்தால் எத்தனை ஃபிரேம் கழித்துத் தாவ வேண்டும் என்று தனித்தனியாகப் பழக வேண்டும். அவன் பின்னால் தள்ளி எழுந்தால் தூரமும் மாறிவிடும். இந்தச் சனிக்கிழமைக்குள் ஆகாது. அப்புறம் பார்க்கலாம்.

சாங்கிஃப் பக்தன்:

ஓவர்டிரைவ் ஷோர்யூகென் பிடியையும் தாண்டும் என்பதை ட்ரெயினிங் மோடில் போய்ச் சோதித்தேன். தாண்டுகிறது. ஒரு வருடமாக நெட் லேக் என்று நினைத்திருந்தேன்.

தண்ணிக்கேன் ரியூ:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதல் சனி 6-10 தோல்வி. தடுப்பது வந்துவிட்டது. ஆனால் அண்ணா சொன்ன அதே தப்பு, கென் மேலே இருக்கும்போதே சின்னக் குத்து. எனக்கே கேட்கிற மாதிரி "தரை, தரை" என்று முணுமுணுத்துக்கொண்டு ஆடினேன், தம்பி முறைத்தான். இரண்டாவது சனி 9-10. அதில் ஒரு ரவுண்டில் மூன்று ஷோர்யூகென் தடுத்து மூன்றுக்கும் வசூல். மூன்றாவது ஷோர்யூகென்னில் அவன் கட்டம் தீர்ந்து சாம்பல் நிறமாகி மூலையில் நின்றான், நான் அப்போதும் பழக்கத்தில் பிளாக் பண்ணிக்கொண்டு நின்றேன். நான் சிரித்த சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டது, ஆட்டம் அரை மணி நேரம் நின்றது.

நேற்று 10-7. ஜெயித்துவிட்டேன். நாலாவது ஆட்டத்துக்கு மேல் அவன் எழும்போது ஷோர்யூகென் அடிப்பதையே நிறுத்திவிட்டான். என் ஹெவி பஞ்சை எதிர்பார்த்துக் குனிந்து பிளாக் பண்ணியே கிடந்தான். நானும் பிளாக், அவனும் பிளாக், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சித்தி வந்து டிவி நின்றுவிட்டதா என்று கேட்டார்கள்.

அப்போதுதான் பக்தன் சொன்னது ஞாபகம் வந்தது. போய் த்ரோ பண்ணினேன். விழுந்தான். மறுபடி த்ரோ. மறுபடி விழுந்தான். கடைசி இரண்டு ஆட்டம் முழுக்க த்ரோவிலேயே முடிந்தது.

இன்று காலை கேனை அவன்தான் தூக்கினான். படியில் பாதியில் நின்று, "அண்ணா, த்ரோவை எப்படி விடுவிக்கிறது?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.